கடைசி அசை

எங்கள் நாட்டில்
ஒரு பெண்ணுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா என்று
யாரும் கேட்கத் தேவையில்லை.
குடும்பப் பெயரின் வாலே சொல்லிவிடும்.
நோர்குட்டே என்றால் நோர்குஸின் மகள்.
வைட்கியெனே என்றால் வைட்குஸின் மனைவி.

கிளைபேடா துறைமுகத்தின் கணினி அறைக்கு
நான் வந்தபோது மகள்.
இரண்டாம் வருடம் மனைவி.
ஒன்பதாம் வருடம்
விவாகரத்துத் தீர்ப்பின் நகலை நீட்டி
என் பயனர் பெயரை மாற்றுங்கள் என்றேன்.
பழைய அமைப்பு, கைவைத்தால் சரியும் என்றார்கள்.
அதன் பிறகும் ஒவ்வொரு காலையும்
விட்டுப்போனவன் பெயரை அடித்து,
அதன் கீழே
யாருக்கும் தெரியாத என் சொல்லை அடித்து
உள்ளே போனேன்.

அந்த நாட்களில்
பளுதூக்கி ஓட்டுபவர்கள் தொலைபேசியில்
"பையன் எவனாவது இருந்தால் கூப்பிடு" என்பார்கள்.
கூப்பிடுவேன்.
பையன் என்னிடம் கேட்பான்.
நான் சொல்வேன், அவன் சொல்வான்,
அவர்கள் அவனுக்கு நன்றி சொல்வார்கள்.

ஒருமுறை வைரஸ் புகுந்தது.
மேலாளர் திறக்கச் சொன்ன வழியைத்தான் திறந்திருந்தேன்.
அறிக்கையில் அவர் எழுதினார்:
தவறு, வைட்கியெனே.
இரண்டே சொல்.
பதவி உயர்வு நேர்காணல் ஒவ்வொன்றிலும்
எனக்கு முன்பே போய்
நாற்காலியில் உட்கார்ந்திருந்தன.

எப்படியோ தலைவியானேன்.
எப்படி என்று கேட்காதீர்கள்.
மற்றவர்கள் வேறு வேலைக்குப் போனார்கள்,
நான் போகவில்லை, அதுவும் ஒரு காரணம்.
இனி பெயரை நானே மாற்றியிருக்கலாம்.
எனக்காக ஒரு விதியைத் தளர்த்தினால்
ஓட்டை அங்கிருந்துதான் தொடங்கும் என்று
விட்டுவிட்டேன்.

வருடம் ஒருமுறை இயக்குநர்கள் கூடுவார்கள்.
என்ன நடந்தது இந்த வருடம்?
ஒன்றும் நடக்கவில்லை.
பின்னே எதற்கு இவ்வளவு செலவு?
நடக்காததற்கு ரசீது கிடையாது.
காபி ஆறிக்கொண்டிருக்கும்.

பிப்ரவரியில் நடந்தது.
பின்னிரவு இரண்டு நாற்பது.
திரைகள் ஒவ்வொன்றாகச் சிவந்தன.
இயக்குநர் தெனெரிஃபேயில் விடுமுறையில்,
ஏழு முறை அழைத்தேன், எடுக்கவில்லை.
மூன்று கப்பல்கள் கரையில்.
ஒரு மணி நேரம் நின்றால் எவ்வளவு நஷ்டம் என்று
எனக்கு யூரோவில் தெரியும்.

எல்லாவற்றையும் துண்டி என்றேன்.
குரல் நடுங்கவில்லை. முழங்கால் நடுங்கியது.
மேசை மறைத்துக்கொண்டது.

பளுதூக்கிகள் நின்றன.
ஒரு பெட்டி பாதி வானத்தில்
காற்றில் லேசாகத் திரும்பியபடி.
அத்தனை வருடத்தில் முதல்முறையாக
துறைமுகத்தில் கடலின் சத்தம் கேட்டது.

நான்கு நாள் பென்சிலும் காகிதமும்.
கம்பு ரொட்டி, புகையிட்ட மீன், தூங்காத கண்கள்.
ஐந்தாம் நாள் அறிக்கை.
மந்தாஸ் வந்து நின்றான், இருபத்து நான்கு வயது,
நனைந்த கம்பளி வாடை,
கையில் நான்காக மடித்த ராஜினாமா.
"அந்த அஞ்சலைத் திறந்தது நான்."
தெரியும், உட்கார் என்றேன்.
பட்டியலில் பாதிப் பெயர்கள் இன்னும் சரிபார்க்கவில்லை.
மடித்த காகிதத்தை வாங்கி
ஆடும் மேசைக்காலுக்கு அடியில் வைத்தேன்.

எரிந்ததைத் திரும்பக் கட்டும்போது
எல்லோருக்கும் புதுக் கணக்கு. எனக்கும்.
மகள் என்றும் சொல்லாத, மனைவி என்றும் சொல்லாத
மூன்றாவது வால் ஒன்று சட்டத்தில் உண்டு,
ஒரே எழுத்து நீளம்.
அதை இலையுதிர் காலத்திலேயே பதிந்துவிட்டு
யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன்.

காரணம் என்ற கட்டத்தில் எழுதினேன்:
அந்த அஞ்சல் உள்ளே வரும்படி
வடிகட்டியை அமைத்தவர், பொறுப்பு, நோர்கே.

மாலையில் இயக்குநர் அழைத்தார்.
பின்னால் யாரோ நீச்சல் குளத்தில் குதிக்கும் ஓசை.
"யார் இந்த நோர்கே?
புதிதாகச் சேர்ந்தவளா?"

ஆமாம் என்றேன்.